மட்டக்களப்பானுக்கு எதுக்குக் கிரஞ்ச்?

கேள்வி: 2024 ஏப்ரல் 6

கிரஞ்ச் என்ற சியாட்டல் ரொக் பாட்டுக்காரன், 'நிர்வாணா' குழுவின் கேர்ட் கோபேன் செத்து நேற்றோடு 30 வருடமாம். எங்கள் ஊர்ப் பொடியன்களும் படம் போட்டு அழுகிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். சியாட்டல் மழைக்குள் இருந்து ஒருவன் கத்தினதில் மட்டக்களப்பானுக்கு என்ன பங்கு? பாதிப் பேருக்கு அவன் பாடுகிற ஒரு வரியும் விளங்காது. கொழும்பில் இங்கிலீஷ் பேசி வளர்ந்த பிள்ளைகளின் பாட்டை இரவல் வாங்கித் தலையாட்டுகிறீர்கள். இல்லை என்கிறவர் விளக்கட்டும்.

ஏப்ரல் 6, இரவு

இல்லை என்கிறேன். நான் கல்லடி. கொழும்பு இங்கிலீஷ் இல்லை, ஓ.எல்லில் இங்கிலீஷுக்கு 'எஸ்', அதாவது மட்டுமட்டான சித்தி எடுத்தவன்.

2003இல் எனக்கு 16 வயது. போர் நிறுத்தக் காலம், அறுகம்பேக்கு வெள்ளைக்காரர் நிறைய வரத் தொடங்கியிருந்தார்கள். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, அங்கே ஒரு விடுதியில் சமையலுக்கு நின்றார். சீசன் முடிந்து ஐப்பசியில் வீட்டுக்கு வந்தபோது ஒரு டிஸ்க்மேனையும் இரண்டு சீடியையும் கொண்டுவந்தார். அலைச்சறுக்க வந்த அவுஸ்திரேலியன் ஒருவன் பலகையைச் சுமந்துகொண்டு போனானாம், இதை விட்டுவிட்டுப் போனானாம். சீடியில் கறுப்பு மார்க்கரால் பெயர் கிறுக்கியிருந்தது. ஒன்றில் கீறல் விழுந்து மூன்றாவது பாட்டு ஒரே இடத்தில் விக்கி விக்கி ஓடும். இப்போது யூடியூபில் அந்தப் பாட்டு ஒழுங்காக ஓடினாலும், அந்த இடம் வரும்போது நான் உள்ளுக்குள் ஒருதரம் விக்கிக்கொள்கிறேன்.

அம்மம்மா கேட்டா: "என்ன மனே பாட்டு இது?"

"நிர்வாணா" என்றேன்.

அவ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குசினிப் பக்கம் திரும்பி அம்மாவிடம், "பொடியன் என்ன கேக்கிறான் எண்டு பாத்தியா? மறுகா என்னைக் கேளாத" என்றா. நல்ல காலம், அசல் அட்டையை அவ பார்க்கவில்லை. அதில் தண்ணீருக்குள் உடுப்பில்லாமல் ஒரு குழந்தை.

வரிகள் விளங்கினதா என்று கேட்கிறீர்கள். நாளைக்கு எழுதுகிறேன். நுளம்பு தின்கிறது.

ஏப்ரல் 7

விளங்கவில்லை. ஒரு வரியும் விளங்கவில்லை. அதை ஒரு குற்றமாகச் சொல்கிறீர்கள், சரி. 1963இல் கிங்ஸ்மென் என்ற குழு ஒரு பாட்டைப் பதிவுசெய்தது. அவர்கள் ஒரிகனின் போர்ட்லண்ட் ஊர்க்காரர். சியாட்டலுக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். பாடினவன் சொல்வது தெளிவில்லை, ஏதோ ஆபாசம் இருக்கிறது என்று பெற்றோர் முறையிட, எஃப்.பி.ஐ விசாரித்தது. றெக்கோட்டை வேறு வேறு வேகத்தில் சுற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில், என்ன பாடுகிறான் என்றே விளங்கவில்லை என்று கோப்பை மூடினார்கள். எஃப்.பி.ஐக்கே அவ்வளவுதான். எனக்கு 'எஸ்'.

அதோடு, கோயிலில் ஐயர் சொல்கிற மந்திரத்தில் எத்தனை சொல் உங்களுக்கு விளங்குகிறது? கையைக் கூப்பிக்கொண்டுதானே நிற்கிறீர்கள்?

ஏப்ரல் 9

ஏன் பிடித்தது என்பதற்கு வருகிறேன்.

பிக்சீஸ் என்ற பொஸ்டன் குழு 1989இல் போட்ட 'டூலிட்டில்' அல்பத்தைக் கேளுங்கள். மெதுவாக, கிட்டத்தட்டக் காதுக்குள் சொல்கிற மாதிரிப் பாட்டுப் போகும். திடீரென்று எல்லாம் ஒன்றாக இடிக்கும். திரும்ப மெதுவாகும். நிர்வாணா இதைத்தான் எடுத்துக்கொண்டது, கோபேனே அதை மறைக்கவில்லை. பேர் வாங்கிக் கொடுத்த பாட்டை எழுதும்போது பிக்சீஸைக் களவெடுக்கத்தான் முயன்றேன் என்று 1994இல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார்.

இப்போது இதை மட்டக்களப்பில் வைத்துப் பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தெருவில் நாய் மட்டும் திரிந்த ஊர். அமைதியாக இருக்கிறது என்றால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். மெல்ல இருந்து திடீரென்று இடிக்கிற பாட்டு எங்களுக்குப் புதுசா? அது எங்கள் வாழ்க்கையின் தாளமே. சியாட்டல்காரனைவிட எங்களுக்குத்தான் அது சொந்தம்.

ஏப்ரல் 10

"இதெல்லாம் காசுக்காரர் விளையாட்டு" என்று கீழே ஒருவர். ரமோன்ஸ் என்ற பங்க் ரொக் குழுவின் முதல் அல்பம், 1976, செலவு 6,400 டொலர். 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஏறினால் செங்கலடிக்கு முன்னமே முடிந்துவிடும். நிர்வாணாவின் முதல் அல்பம், 1989, அதைவிட மோசம்: 606 டொலர் 17 சதம். அந்த 17 சதத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. அந்தக் காசையும் ஜேசன் எவர்மன் என்பவர் கொடுத்தார். ஒரு பாட்டிலும் அவர் வாசிக்கவில்லை, ஆனால் அட்டைப் படத்தில் நிற்கிறார், கிற்றார் என்று பெயரும் போட்டிருக்கிறது. எங்கள் திருவிழா நோட்டீசில் உபயகாரரின் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி.

ஏப்ரல் 12

சவுண்ட்கார்டன் என்ற கிரஞ்ச் குழுவின் கிற்றார்காரர் கிம் தயில் ஒரு மலையாளி என்பதையாவது தெரிந்துகொண்டு பேசுங்கள். கேரளாவிலிருந்து சியாட்டலுக்குப் போய் கிரஞ்சை உருவாக்கின நாலைந்து பேரில் ஒருவர்.

ஏப்ரல் 12, அரை மணி கழித்து

திருத்தம். கேரளாவிலிருந்து போனவர்கள் அவருடைய தாய் தகப்பன். அவர் பிறந்ததே சியாட்டலில், 1960இல். "தமிழர் அல்லவே" என்று எழுதின தம்பிக்கு: நான் தமிழர் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. மாமி கைவிசேஷம் தந்தா. 37 வயதில் கைவிசேஷம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான் இருப்பேன். கிற்றார் கம்பி ஒரு செட்டுக்குப் போதவில்லை.

ஏப்ரல் 20

கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் முதல் கிற்றார் ஒரு பறங்கி அங்கிளிடம் வாங்கினது, டச்பார் பக்கம். இரண்டாவது கம்பி அறுந்தபோது சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து அதில் ஒரு இழையை உருவிக் கட்டினேன். சுருதி அஞ்சு நிமிடம் நிற்கும். விரல் நுனியில் நாலு நாளைக்குக் கோடு இருக்கும்.

அங்கிள்தான் கையைப் பிடித்துக் காட்டித் தந்தார். ஆனால் அவருக்குத் தெரிந்தது கப்ரிஞ்ஞாவும் பைலாவும். மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டில் வயலினோடு வாசிப்பார்களே, அது. வலது கை ஒரு தரம் அந்த ஆட்டத்துக்குப் பழகிவிட்டால் திரும்பாது. நான் எவ்வளவு கோபமாக நிர்வாணா அடித்தாலும் கேட்கிறவர்கள் இடுப்பை ஆட்டினார்கள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தத் தெரு இல்லை. அங்கிள் இல்லை. எங்கள் வீட்டில் சீடியும் டிஸ்க்மேனும் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 22

பவர் கோர்ட் என்ற கிற்றார் சுரக்கூட்டு என்றால் என்ன என்று கேட்ட தங்கச்சிக்கு. இரண்டு சுரம்தான்: ச, ப. வேண்டுமென்றால் மேல் ச. தம்புராவில் மீட்டுவதும் இதே ச, ப தானே? காந்தாரம், அதாவது க, கிடையாது. சாதாரண காந்தாரமா அந்தர காந்தாரமா என்பதில்தான் ஒரு கோர்ட் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியும். அதை எடுத்துவிட்டால் அழுகையும் இல்லை சிரிப்பும் இல்லை, முகம் காட்டாமல் நிற்கும். பாடுகிறவன் தன் குரலில் அந்தக் காந்தாரத்தைப் பிறகு கொண்டுவந்து வைப்பான். பங்க் முழுக்க இதில்தான் ஓடுகிறது. இரண்டு விரல் போதும். கையை அப்படியே கழுத்தில் ஏற்றி இறக்கினால் பாட்டு.

ஏப்ரல் 23

மேலே உள்ளதை அக்காவிடம் காட்டியது என் பிழை. அவ கல்லடி விபுலானந்தா இசை நடனக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்தவ. "தம்புராவில காந்தாரம் இல்லை எண்டு யார் சொன்னது? நல்லாச் சுருதி சேத்த தம்புராவில அந்தர காந்தாரம் தானா எழும்பும், நீ காதக் குடுத்துக் கேளு" என்றா. உண்மைதான். கம்பியின் சுருதியைப்போல ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் எழும்புகிற மேற்சுரம் அது. போதாததற்கு நானே தேடிப் பார்த்தேன்: பவர் கோர்ட்டை ஃபஸ்ஸுக்குள், அதாவது கிற்றார் சத்தத்தை வேண்டுமென்றே கிழியவைக்கிற பெட்டிக்குள் விட்டால் ச, ப இரண்டின் அதிர்வெண்ணும் கூடிப் புதிதாக ஒரு சுரம் பிறக்கிறது. 2க்கும் 3க்கும் கூட்டுத்தொகை 5. அதே அந்தர காந்தாரம். அப்படியென்றால் முகம் காட்டாமல் நிற்கும் என்று நான் எழுதினது கம்பிக்கு மட்டும் சரி, பெட்டியைப் போட்டால் பிழை. பெட்டியைப் போட்டால் கள்ளத்தனமாகக் கொஞ்சம் சிரிக்கிறது.

அக்காவுக்கு இந்த இழையின் முகவரியைக் கொடுக்கமாட்டேன்.

மே 9

ஸ்டீவ் அல்பினி போய்விட்டார். 61 வயது, மாரடைப்பு, சிக்காகோவில். நிர்வாணாவின் 1993 அல்பத்தைப் பதிவுசெய்தவர். விற்பனையில் பங்கு வேண்டாம் என்று சொன்ன மனிசன். பாட்டு உங்களுடையது, எனக்குக் குழாய் திருத்துகிறவனுக்குக் கொடுக்கிற மாதிரிக் கூலியைத் தாருங்கள் என்று குழுவுக்கே கடிதம் எழுதினார். ஒரு லட்சம் டொலர் கூலி. வீதக் கணக்குப் போட்டிருந்தால் எத்தனையோ மடங்கு வந்திருக்கும்.

ஃபுகாசி என்ற பங்க் குழுவும் இப்படித்தான், எவ்வளவு பேர் வந்தாலும் டிக்கெட் அஞ்சு டொலர் என்று பிடிவாதமாக நின்றார்கள். என் அப்பா மேசன். சதுர அடிக் கணக்குக்கு வேலை எடுக்க மாட்டார், நாட்கூலிதான். அவசரப்பட்டால் சுவர் கோணும் என்பார். அல்பினியை வாசித்தபோது அப்பாவைத்தான் நினைத்தேன், சிரிக்காதீர்கள்.

மே 24

வைகாசி. கண்ணகை அம்மன் குளிர்த்தி. விடிய நாலரைக்கு ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. எழும்பிக் குந்தியிருந்தபோதுதான் மண்டையில் பட்டது. ஃபஸ் சத்தத்தை நான் முதலில் கேட்டது அவுஸ்திரேலியனின் சீடியில் இல்லை. பனை மரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கரில், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டில். அம்பிளிபயரைக் கடைசி மட்டும் முறுக்கிவிடுவார்கள். குரல் மேலே போகிற இடத்தில் எல்லாம் ஸ்பீக்கர் தாங்காமல் கிழியும். "தாயே" என்ற சொல் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி வரும். நாங்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். சுத்தமான பதிவில் அந்தப் பாட்டைப் பிறகு கேட்டபோது எனக்கு ஏதோ உப்பில்லாத மாதிரி இருந்தது.

யூன் 2

ஏப்ரல் 9இல் எழுதினதை இன்று வாசித்தேன். அது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. இருந்தாலும் பொய்.

சீடி கைக்கு வந்த 2003 எங்களுக்கு நல்ல வருடம். பத்து மணிக்கும் பாலத்தில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு இருந்த பிரச்சினை முகப்பருவும் கணக்குப் பாடமும். வெடிச்சத்தம் உண்மையில் கேட்டது 2007இல். தொப்பிகல பக்கம் ஷெல் அடிக்கிற சத்தத்துக்கு யன்னல் கண்ணாடி நடுங்கும். அந்த மாதங்களில் நான் ஒரு நாளாவது நிர்வாணா கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. இளையராஜாவை, அதுவும் மெல்லமாக, தலையணைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டுச் சத்தமாகப் போகப் போகிற இடம் தெரிந்தால் அதற்கு முன்னமே வொலியூமைக் குறைத்துவிடுவேன்.

"எங்கள் வாழ்க்கையின் தாளம்" என்று எழுதின ஆளை அந்த அறைக்குள் ஒரு இரவு விட வேண்டும்.

யூன் 3

அப்போ ஏன் பிடித்தது என்று கேட்கிறீர்கள். இரண்டு விரல் போதும் என்றேனே, அதுதான் என்று நினைக்கிறேன். அக்கா வர்ணத்துக்கு வரவே நாலு வருடம் எடுத்தா. நான் மூன்று நாளில் ஒரு பாட்டு அடித்தேன். கேவலமாக, ஆனால் முழுப் பாட்டு.

யூன் 15

பெட்டியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு, நீளமாக.

கடையில் விற்கிற பெடல் எங்களுக்கு எட்டாது. 2006இல் நெற் கபேயில் ஒரு சேர்க்கிட் படத்தை அச்செடுத்துக்கொண்டு ரவுனில் ரேடியோ திருத்துகிற அண்ணனிடம் போனேன். இரண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், அவ்வளவுதான். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத வைச்சா சத்தம் பழுதாகுமே" என்றார். "அதுக்குத்தான் அண்ணன்" என்றேன். முப்பது வருடமாகச் சத்தத்தைத் திருத்துகிற மனிசனிடம் பழுதாக்கித் தரச் சொல்லிக் கேட்டது நான்தான் முதல் ஆள். அவர் சிரித்துக்கொண்டே செய்தார். வேலை செய்கிற விதமும் அவர்தான் சொன்னார்: பற்றரி 9 வோல்ட், அதற்கு மேல் சிக்னல் எழும்பாது. எழும்பப் பார்க்கிற தலையை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில்தான் அந்த இரைச்சல்.

பெட்டி, கிறீம் கிறக்கர் பிஸ்கட் ரின். பக்கத்தில் ஓட்டை போட்டு இரண்டு ஜக், மேலே ஒரு சுவிட்ச், ஒரு குமிழ். உள்ளே சிவப்பு வயர், கறுப்பு வயர், பற்றரி. இதை எழுதும்போதே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

2007, கல்முனைக்குப் போகிற பஸ். ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். என் பைக்குள் கையை விட்ட சிப்பாய் ரின்னைத் தூக்கினான், மூடியைத் திறந்தான், அப்படியே நின்றுவிட்டான். "மே மொகத?" என்றான், சத்தமே வராமல். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கிற்றார், கிற்றார்" என்றேன். ஆனால் கையில் கிற்றார் இல்லை, அது கல்முனையில் சிநேகிதன் வீட்டில். ரின்னை மண்மூட்டைக்கு அந்தப் பக்கம் மெல்லக் கொண்டுபோய் வைத்தார்கள். பஸ் போய்விட்டது. அரை மணித்தியாலம் கழித்து ஒரு அதிகாரி வந்தார், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். என்னையே திருகாணிகளைக் கழற்றச் சொன்னார். ஈயக் கட்டிகளைப் பார்த்தார். என்ன பாட்டு வாசிப்பாய் என்று கேட்டார். பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "நிர்வாணா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மம்மா நினைத்தது ஒன்று, அவர் நினைத்தது வேறொன்று. அவருக்கு அது புத்தர் போய்ச் சேர்ந்த இடம்.

ரின்னைத் திருப்பித் தந்தார்கள். பற்றரியை வைத்துக்கொண்டார்கள்.

மட்ஹனி என்ற சியாட்டல் குழு 1988இல் போட்ட றெக்கோட்டுக்கு இரண்டு ஃபஸ் பெட்டிகளின் பெயரைத்தான் வைத்தது. என் பெட்டிக்குப் பெயர் கிறீம் கிறக்கர்.

யூன் 17

பாடகி எம்.ஐ.ஏயை மறந்துவிட்டீர்களே என்கிறார் ஒருவர். மறக்கவில்லை. 'ஸ்லம்டோக்' படத்தில் வந்த அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுகிற அந்தக் கிற்றார், த கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழு 1982இல் போட்ட பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. நான் கிளாஷைத் தேடிக் கேட்பதற்கு முன்னமே எங்கள் தெரு ஓட்டோக்களில் கிளாஷ் ஓடியிருக்கிறது, ஒரு ஈழத்துப் பெண்ணின் தயவில்.

யூலை 7

மேடை ஏறினதுண்டா என்ற கேள்விக்கு: ஒருதரம். 2006, ஒரு ரியூஷன் வகுப்பின் ஆசிரியர் தின விழா. நான் கிற்றார், காத்தான்குடிச் சிநேகிதன் ட்ரம்ஸ். ட்ரம்ஸ் என்றால் பெயின்ற் வாளி இரண்டு, மீன் அடைக்கிற றிஜிபோம் பெட்டி ஒன்று, சிம்பலுக்குப் பதில் பித்தளைத் தாம்பாளம். அறிவிப்பாளர் துண்டைப் பார்த்து மைக்கில் சொன்னார்: "அடுத்து, நிர்வாணக் குழுவினரின் பாடல்."

பெண்பிள்ளைகள் பக்கம் எழும்பின சத்தத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. முதல் கோரஸ் வந்தது, பெட்டியை மிதித்தேன், ஒன்றரை நிமிடத்தில் கறண்டை நிறுத்திவிட்டார்கள். சேர் மேடைக்குப் பின்னால் நின்றதை நான் கண்டேன். பழைய ஆட்களுக்குச் சத்தமென்றால் பயம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஓகஸ்ட் 11

காத்தான்குடியான் கட்டாரிலிருந்து இந்த இழையை முழுக்க வாசித்துவிட்டுக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். ஏழு நிமிடம், அதில் மூன்று நிமிடம் சிரிப்பு. அப்படியே எழுதுகிறேன்.

ஒன்று, துண்டில் "நிர்வாண" என்று எழுதிக் கொடுத்தது அவன்தான். கடைசிக் காலுக்கு இடம் போதவில்லையாம். அறிவிப்பாளர் மேல் பிழையில்லை.

இரண்டு: "கறண்ட சேர் நிப்பாட்டல்லடா மச்சான். நம்மட அம்பிளிபயர் குத்தின வயர் றோலில ஆரோ தேத்தண்ணிக்குக் கேத்தலும் குத்திட்டாங்க. பியூஸ் போயிட்டு. சேர் பின்னால நிண்டது பியூஸ் கட்ட. நீ கிற்றாரத் தூக்கிட்டுக் கோவத்தில போயிட்டாய். அவரு கட்டிட்டு வந்து 'எங்க மத்தப் பொடியன், முழுசா அடிக்கச் சொல்லு' எண்டு கேட்டாரு."

யூலை 7இல் எழுதின கடைசி இரண்டு வரியையும் வாபஸ் வாங்குகிறேன்.

ஓகஸ்ட் 13

சேர் பின்னேரத்தில் கல்லடிப் பழைய பாலத்தில் நடக்கிறவர். நேற்றுப் போய் நின்றேன். கண்டு வணக்கம் சொன்னேன். அவரும் வணக்கம் சொன்னார். "எந்த பட்ச் தம்பி?" என்று கேட்டார். 2006 என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கணக்கா, விஞ்ஞானமா?" என்றார்.

கணக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.